அணுவுக்கு ஆசை கிடையாது: ஒரு கீசர் காயிலை முன்வைத்து

எங்கள் அடுக்ககத்தின் கீழ்வீட்டுப் பெண் பி.யூ.சி. முதலாண்டு, அதாவது பதினொன்றாம் வகுப்பு, படிக்கிறாள். அவள் கேட்டது இது: "சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட்டு, வெளிவட்டத்தில் எட்டு எலக்ட்ரான்களோடு நிலைத்தன்மை அடைகிறது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, தாத்தா. அணுவுக்கு எட்டு வரை எண்ணத் தெரியுமா? அப்படியே கொடுத்தாலும், கொடுத்த பிறகு இரண்டும் ஏன் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்? அதனதன் வழியில் போகலாமே?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெங்களூரில் வேதியியல் நடத்தியவன் நான். முதல் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் கிண்டலாக. கடைசிக் கேள்வியைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உண்மையில் அதுதான் முக்கியமான கேள்வி. எலக்ட்ரானைக் கொடுப்பதும் வாங்குவதும் பிணைப்பு அல்ல. அதற்குப் பிறகு நடப்பதுதான் பிணைப்பு.

அவள் கேட்ட நேரமும் நல்ல நேரம். அன்று எங்கள் வீட்டுக் கீசர் பழுது. அல்சூர்ப் பக்கம் எங்களுக்குக் காவிரித் தண்ணீர் வரும் நாளைவிட போர்வெல் தண்ணீர் ஓடும் நாள்தான் அதிகம். எலக்ட்ரீஷியன் தம்பி காயிலைக் கழற்றி வெளியே எடுத்தபோது அது மாவுக்கட்டுப் போட்ட கை போல இருந்தது. அவ்வளவு சுண்ணாம்பு. ஒரு வளைவில் குழாய் வெடித்து, உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி கசிந்துகொண்டிருந்தது. "இதைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா சார்?" என்றார். வேண்டாம், இரும்பு அறுக்கும் ரம்பத்தால் நடுவில் ஓர் அறுப்பு மட்டும் போட்டுக் கொடுங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அறுத்துக் கொடுத்தார்.

பழைய செய்தித்தாளை விரித்து அந்தத் துண்டை அதன்மேல் வைத்தோம். வெளியே சாம்பல் வெள்ளையில் ஓடு, அது கால்சியம் கார்பனேட். அதற்கு உள்ளே செப்புக் குழாய். குழாய்க்குள் இறுக்கி அடைத்த வெள்ளைப் பொடி, மெக்னீசியம் ஆக்சைடு. பொடியின் நடுவே சுருள் கம்பி, நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம். அடிப்பாகத்தில் ஒரு ரப்பர் வாஷர். புத்தகத்தில் தனித்தனிப் பாடமாக வரும் பிணைப்புகள் எல்லாம் ஒரு சாண் நீளத்துக்குள் கிடந்தன.

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடலாம். அணுக்களைச் சேர்த்துப் பிடிப்பது ஒரே ஒரு விசைதான், மின்விசை. அணுக்கருவுக்குள் வேலை செய்யும் வலிய விசை அணுக்கருவின் வாசலைத் தாண்டி வராது. ஈர்ப்பு விசையோ, ஒரு புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையே, மின்விசையில் 1-க்குப் பின் 39 சுழி போட்ட எண்ணால் வகுத்த அளவுதான். ஆக, நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் இழுக்கும், ஒத்த சுமைகள் தள்ளும் என்று கூலும் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1785-இல் அளந்து சொன்ன அதே விசைதான் உப்பிலும் வைரத்திலும் நம் எலும்பிலும் இருக்கிறது. அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு, உலோகப் பிணைப்பு என்று பெயர்கள் பலவாக இருப்பதால் விசைகளும் பல என்று நினைத்துவிடக் கூடாது. எலக்ட்ரான்கள் எங்கே எப்படிப் பரவி நிற்கின்றன என்பதற்குத்தான் அத்தனை பெயர்களும்.

பிணைப்பு என்றால் கயிறு என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். காகிதத்தில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே கோடு போட்டுப் போட்டு அந்த எண்ணம் நமக்குள் ஊறிப்போய்விட்டது. கோலிக்குண்டு குழியில் விழுந்து கிடக்கிறது. அதை யாரும் கட்டிப்போடவில்லை. வெளியே வர மேலேற வேண்டும், ஏறுவதற்குத் தேவையான ஆற்றல் அதனிடம் இல்லை, அவ்வளவுதான். இரண்டு அணுக்கள் தனித்தனியே இருப்பதைவிடச் சேர்ந்திருக்கும்போது மொத்த ஆற்றல் குறைவு என்றால், அந்தக் குறைவுதான் குழி. குழியில் விழும்போது உபரி ஆற்றல் வெப்பமாகவோ ஒளியாகவோ வெளியே போய்விடுகிறது. போனதை யாராவது திருப்பிக் கொடுக்கும் வரை அணுக்கள் பிரிய முடியாது.

இனி சோடியத்தின் கணக்கு. கீழே வரும் கிலோஜூல் எல்லாம் ஒரு மோலுக்கு. மோல் என்பது வேதியியலில் அணுக்களை மொத்தமாக எண்ணும் அளவு, உப்பு என்றால் சுமார் 58 கிராம். சோடியத்திடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு. கவனியுங்கள், பிடுங்க. சோடியம் எதையும் தானாகக் கொடுப்பதில்லை. பதினோரு புரோட்டான் கொண்ட அணுக்கரு தன் கடைசி எலக்ட்ரானையும் இழுத்துத்தான் வைத்திருக்கிறது. அந்த எலக்ட்ரானைக் குளோரின் ஏற்கும்போது 349 கிலோஜூல் திரும்பக் கிடைக்கிறது. 496 செலவு, 349 வரவு, கையைவிட்டுப் போனது 147. புத்தகம் சொல்லும் அந்தக் கொடுக்கல் வாங்கல் அதோடு நின்றால் நஷ்ட வியாபாரம். எட்டு எலக்ட்ரான் நிம்மதி இரண்டு பேருக்கும் வந்துவிட்டது, ஆனால் கணக்கில் துண்டு விழுகிறது.

துண்டை ஈடுகட்டுவது, அவள் கேட்டாளே, அந்த ஒட்டிக்கொண்டு நிற்கும் வேலைதான். எலக்ட்ரானை இழந்தோ வாங்கியோ மின்சுமை ஏறிய அணுவுக்கு அயனி என்று பெயர். இப்போது ஒன்று நேர் அயனி, மற்றொன்று எதிர் அயனி. அருகில் வர வர ஆற்றல் இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 940 பிக்கோமீட்டர் தூரத்திலேயே 147 கிலோஜூல் நஷ்டம் ஈடாகிவிடும். ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதற்கு மேல் நெருங்குவதெல்லாம் இலாபம். ஆவி நிலையில் ஒரே ஒரு ஜோடி என்றால் 236 பிக்கோமீட்டர் வரை நெருங்குகின்றன. நாம் சோற்றில் போடும் உப்பில் ஜோடி என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இதை எக்ஸ் கதிர் கொண்டு 1913-இல் பிராக் தந்தையும் மகனும் காட்டியபோது, உப்பு மூலக்கூறு எங்கே என்று கேட்ட வேதியியலாளர்கள் உண்டு. அப்படி ஒன்று அங்கே இல்லை. தனித்தனி வாயு அயனிகளாக இருந்தவை இப்படி அடுக்கி உட்கார்ந்தால் வெளியேறும் ஆற்றல் சுமார் 787 கிலோஜூல். இதற்குப் படிகக்கூடு ஆற்றல் என்று பெயர். 147-ஐக் கடன் வாங்கி 787 சம்பாதித்த கதை இது. உப்பு ஏன் 801 டிகிரி செல்சியஸ் வரை உருகாமல் இருக்கிறது என்பதற்கும் இதுவே பதில்.

அறுத்த காயிலிலிருந்து கொட்டிய வெள்ளைப் பொடி இந்த வாதத்தை இன்னும் கடுமையாக நிரூபிக்கும். மெக்னீசியம் ஆக்சைடு. மெக்னீசியத்திடமிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்க 738-ம் 1451-மாக இரண்டாயிரத்துக்கு மேல் செலவு. ஆக்சிஜன் முதல் எலக்ட்ரானை வாங்கும்போது 141 தருகிறது. இரண்டாவதை? "எட்டு ஆகப் போகிறது, ஆக்சிஜன் ஆவலோடு வாங்கிக்கொள்ளும்" என்று புத்தகத்தின் பாஷையில் நினைப்போம். நடப்பது தலைகீழ். ஏற்கெனவே எதிர்ச்சுமை ஏறிய ஆக்சிஜன் அடுத்த எலக்ட்ரானைத் தள்ளுகிறது. அதை உள்ளே திணிக்க எழுநூறு கிலோஜூலுக்கும் மேல் செலவு செய்ய வேண்டும். எட்டு எலக்ட்ரான் கொண்ட ஆக்சைடு அயனி வெற்றிடத்தில் தனியாக நிற்கவே நிற்காது, ஒன்றை உதறிவிடும். ஆனால் படிகத்துக்குள், நாலாபுறமும் இரட்டை நேர்ச்சுமை கொண்ட மெக்னீசியம் அயனிகள் சூழ்ந்திருக்கும்போது நிற்கிறது. படிகக்கூடு ஆற்றல் அங்கே சுமார் 3800 கிலோஜூல். எட்டு என்பது காரணம் இல்லை. அந்த மொத்த வரவு செலவு முடிந்த பிறகு எண்ணிப் பார்த்தால் பல இடங்களில் எட்டு வருகிறது, அவ்வளவே.

வராத இடங்களும் உண்டு. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் சிக்னலுக்குக் காத்திருக்கும்போது மூச்சில் போகும் வாகனப் புகையில் நைட்ரிக் ஆக்சைடு இருக்கிறது. அதில் வெளிவட்ட எலக்ட்ரான்கள் மொத்தம் பதினொன்று. ஒற்றைப்படை எண்ணை எப்படிப் பங்கு போட்டாலும் இருவருக்கும் எட்டு வராது. 1962-இல் நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர் செனானை வினைபுரிய வைத்தார். எட்டு நிரம்பிய, யாரோடும் சேராத மந்த வாயு என்று பெயர் வாங்கியிருந்த தனிமம். பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதை அவர் கண்டார். செனானிடமிருந்து பறிக்கவும் ஏறத்தாழ அதே செலவுதான் என்று அட்டவணையைப் பார்த்தார், செய்துபார்த்தார், மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் திண்மம் படிந்தது. எட்டை நம்பாமல் கிலோஜூலை நம்பியவருக்குக் கிடைத்த பரிசு அது.

"இழுத்துக்கொண்டே போனால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடாதா?" என்று அவள் கேட்டாள். புகாது. ஓரளவுக்கு மேல் நெருங்கினால் இரண்டு அயனிகளின் எலக்ட்ரான் முகில்களும் மோதும். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இருக்க முடியாது, அந்த இரண்டும் எதிரெதிர்ச் சுழற்சியோடுதான் இருக்க வேண்டும் என்பது இயற்பியலாளர் பவுலி 1925-இல் சொன்ன விதி. இடம் இல்லாதபோது எலக்ட்ரான்கள் உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏற வேண்டியிருக்கும், அது செலவு. இழுப்பும் இந்தத் தள்ளலும் சமமாகும் தூரம்தான் பிணைப்பு நீளம். நாம் நாற்காலியில் உட்காரும்போது கீழே விழாமல் இருப்பதும் பெரும்பாலும் இந்தத் தள்ளலால்தான்.

அடுக்களையிலிருந்து இந்துப்புக் கட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். கத்தி முனையை அதன் முகத்துக்கு இணையாக வைத்து, பின்னால் லேசாகத் தட்டினேன். சடக்கென்று பிளந்தது. பிளந்த முகம் மழமழவென்று சமதளம், ஓரம் செங்கோணம். பக்கத்திலேயே செப்புக் குழாயைச் சுத்தியலால் அடித்தேன். நசுங்கியது, உடையவில்லை. இரண்டிலும் அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவத்தான் பார்க்கின்றன. உப்பில் ஒரே ஓர் இடம் நகர்ந்தாலும் சோடியத்துக்கு நேர் எதிரே சோடியம், குளோரைடுக்கு எதிரே குளோரைடு. இதுவரை இழுத்தவை ஒரே நொடியில் தள்ளத் தொடங்குகின்றன. செம்பில் அந்தத் தொல்லை இல்லை.

ஏன் இல்லை என்பதைச் சொல்வதற்கு முன் சகப்பிணைப்பைப் பார்க்க வேண்டும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். இரண்டும் ஒன்றே. யார் யாருக்குக் கொடுப்பது? 1916-இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ், கொடுக்க வேண்டாம், ஜோடி எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அதுதான் சகப்பிணைப்பு. நாம் இன்றும் போடும் புள்ளிப் படம் அவருடையது. ஆனால் எதிர்ச்சுமை கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும்போது ஜோடி சேர்வது எப்படிப் பிணைப்பாகும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை, அன்றைய இயற்பியலிடமும் இல்லை. குவாண்டம் இயக்கவியல் பிறந்து ஓரிரு ஆண்டுகளே ஆன 1927-இல் இயற்பியலாளர் வால்டர் ஹைட்லர் சூரிச்சில் ஒரு நாள் பகலில் தூங்கி எழுந்தபோது ஹைட்ரஜன் மூலக்கூறின் கணக்கு முழுப் படமாக மனத்தில் நின்றது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடனே இன்னொரு இயற்பியலாளரான ஃபிரிட்ஸ் லண்டனைக் கூப்பிட்டார். அவர்கள் வழியில் முழுதாகக் கணக்கிட்டால் உண்மையான பிணைப்பு ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிடும். தூங்கி எழுந்தவுடன் அவ்வளவு கிடைத்தது பெரிய விஷயம்தான்.

வழக்கமான விளக்கம் என்னவென்றால், எலக்ட்ரான் முகில் இரண்டு அணுக்கருக்களுக்கும் நடுவே திரண்டு நின்று இரண்டையும் தன் பக்கம் இழுக்கிறது என்பது. பொய் இல்லை. ஆனால் பாதிதான். எலக்ட்ரானைச் சின்ன இடத்தில் அடைத்தால் அது அதிகம் துள்ளும், அதன் இயக்க ஆற்றல் கூடும். குவாண்டம் உலகின் அடிப்படைக் குணம் இது. தனி ஹைட்ரஜனில் எலக்ட்ரான் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கிறது. இரண்டாவது அணுக்கரு பக்கத்தில் வந்தால் நடுச்சுவரை எடுத்துவிட்டு இரண்டு அறையாக்கியது போல. உலவ இடம் கிடைக்கிறது, துள்ளல் தணிகிறது. அப்படி மிச்சமானதை வைத்துக்கொண்டு முகில் இரண்டு அணுக்கருக்களையும் இன்னும் இறுக்கமாக நெருங்கிச் சூழ்கிறது. கடைசியில் 74 பிக்கோமீட்டர் தூரத்தில் நிற்கும்போது எடுக்கும் இருப்புக் கணக்கில், மொத்த இலாபம் 436 கிலோஜூல். நிலை ஆற்றல் ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு இறங்கியிருக்கும், இயக்க ஆற்றல் ஒரு மடங்கு ஏறியிருக்கும். அதனால் கடைசிக் கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு எல்லாம் இழுப்பின் வேலை என்றே தோன்றும். அந்த இடத்துக்கு வந்து சேர வழிவிட்டது இயக்க ஆற்றல் தணிந்ததுதான் என்பதை 1933-இலேயே சொன்னவர் ஹான்ஸ் ஹெல்மன். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி வந்த பின், மனைவி யூத வழியினர் என்பதால் வேலை இழந்து சோவியத் நாட்டுக்குப் போனார். அங்கே 1938-இல் ஸ்டாலினின் ஆட்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் விட்ட இழையை 1962-இல் ரூடன்பெர்க் எடுத்து விரிவாக நிறுவினார். பள்ளிப் புத்தகங்கள் இன்னும் இங்கே வந்து சேரவில்லை.

ஹீலியம் ஏன் இதே வேலையைச் செய்யவில்லை? இரண்டு ஹீலியத்தில் நான்கு எலக்ட்ரான்கள். வசதியான அந்த இரட்டை அறையில் பவுலி விதிப்படி இரண்டுக்குத்தான் இடம். மற்ற இரண்டும் நடுவில் சுவர் உள்ள, முன்னைவிட நெருக்கடியான நிலைக்குப் போக வேண்டும். முதல் இரண்டின் இலாபத்தை அடுத்த இரண்டு தின்றுவிடும்.

இப்போது செய்தித்தாளில் உதிர்ந்து கிடந்த சுண்ணாம்பு ஓட்டைக் கையில் எடுத்தோம். அதில் கால்சியத்துக்கும் கார்பனேட்டுக்கும் நடுவே உள்ளது அயனிப் பிணைப்பு. கார்பனேட்டுக்குள்ளே ஒரு கார்பனும் மூன்று ஆக்சிஜனும் சகப்பிணைப்பால் நிற்கின்றன. ஒரே பொருளில் இரண்டும். காகிதத்தில் வரைந்தால் ஓர் இரட்டைக் கோடும் இரண்டு ஒற்றைக் கோடுகளும் போட வேண்டியிருக்கிறது. கார்பன், ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பு சுமார் 143 பிக்கோமீட்டர், இரட்டை என்றால் சுமார் 120. கார்பனேட்டில் அளந்து பார்த்தால் மூன்றும் சமமாக 129-ஐ ஒட்டி நிற்கின்றன. எந்தக் கோடு இரட்டை என்று எலக்ட்ரான்களைக் கேட்டுப் பயனில்லை, அவை மூன்றிலும் பரவியிருக்கின்றன. இதற்கு உடனிசைவு என்று பெயர் வைத்துப் பரப்பியவர் லைனஸ் பாலிங். கோடுகள் நம் வசதிக்குப் போட்டவை என்று நான் சொல்வதற்குச் சாட்சி கீசரிலேயே கிடைத்தது.

ஓட்டின்மேல் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். நுரைத்தது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி கார்பனேட்டைப் பிடித்து, கார்பன் டை ஆக்சைடும் நீருமாகப் பிரித்துவிடுகிறது. இதை வைத்தே கீசர் சுண்ணாம்பை வினிகரில் ஊறவைத்து எடுக்கலாம் என்று எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னார். சரிதான், ஆனால் வெடித்த குழாய்க்கு வினிகர் ஒட்டுப் போடாது.

சகப்பிணைப்பு விறைப்பான கம்பி அல்ல, சுருள்வில் மாதிரி எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். குழியின் அடியில் கிடக்கும் கோலிக்குண்டு சும்மா கிடப்பதில்லை. நாம் இழுக்கும் மூச்சில் உள்ள நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்குச் சுமார் 70 லட்சம் கோடி முறை அதிர்கிறது. இதை யார் எண்ணினார்கள் என்றால், பெங்களூர்க்காரர்கள் மார்தட்டிக்கொள்ளலாம். திருச்சிக்குப் பக்கத்தில் பிறந்த சி.வி. இராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்டது இதற்கான வழி. ஒற்றை நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றத்தின் அளவு மூலக்கூறின் அதிர்வெண். 1933-இல் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தவர், கடைசி வரை இந்த ஊரிலேயே இருந்தார். வைரத்தின் மேல் அவருக்குப் பெரும் பித்து. வைரத்தில் இப்படி நிறம் மாறி வரும் ஒளி, அதாவது அதன் இராமன் கோடு, சென்டிமீட்டருக்கு 1332 அலைகள் என்ற மாற்றத்தில் ஒற்றைக் கூர்முனையாக வரும். இன்றும் கல் அசல் வைரமா, வேறு ஏதாவதா என்று பார்க்க இந்த எண்ணைத் தேடுவார்கள். அந்த எண் கார்பன் பிணைப்பின் விறைப்பைச் சொல்லும் எண்தான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை அடித்துச் சொல்லிவிடுகிறேன். "பிணைப்புக்குள் ஆற்றல் அடைந்திருக்கிறது, உடைத்தால் வெளிவருகிறது" என்று மருத்துவம் படித்தவர்கள்கூடச் சொல்வார்கள். தேங்காயை உடைத்தால் தண்ணீர் வருவது போல. நேர்மாறு. பிணைப்பை உடைக்க எப்போதும் செலவுதான். உருவாகும்போதுதான் வரவு. எங்கள் அடுக்ககத்தில் இப்போது குழாய் எரிவாயு வந்துவிட்டது, பெரும்பாலும் மீத்தேன். ஒரு மீத்தேன் மூலக்கூறு எரிய இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். கார்பன், ஹைட்ரஜன் பிணைப்பு நான்கை உடைக்க, தலா 413 வீதம், 1652. ஆக்சிஜன் பிணைப்பு இரண்டை உடைக்க, தலா 498 வீதம், 996. ஆகச் செலவு 2648. பிறகு கார்பன் டை ஆக்சைடில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உருவாக, தலா 799 வீதம், 1598. நீரில் நான்கு பிணைப்புகள், தலா 463 வீதம், 1852. வரவு 3450. மிச்சம் 802 கிலோஜூல், அதுதான் நம் காப்பிக்குத் தண்ணீர் காய்ச்சுகிறது. லைட்டரின் பொறி எதற்கு? முதல் சில பிணைப்புகளை உடைக்கும் செலவுக்கு முன்பணம். அது இல்லாவிட்டால் மீத்தேனும் ஆக்சிஜனும் அடுக்களையில் பக்கத்தில் பக்கத்தில் நாள் முழுக்கச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

செம்புக்கு வருகிறேன். செப்பு அணு ஒவ்வொன்றும் தன் வெளி எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிடுகிறது. இரண்டு அறை இல்லை, கோடி கோடி அறைகளுக்கும் நடுச்சுவரே இல்லாத மண்டபம். எலக்ட்ரான் யாருக்கும் சொந்தமில்லை, எல்லா அயனிகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. வரிசை நழுவினால் முகிலும் கூடவே நகர்ந்து மூடிக்கொள்ளும். அதனால்தான் நசுங்கியது, உடையவில்லை. மின்சாரம் ஓடுவதும் இதனால்தான். நிக்ரோமில் நிக்கலும் குரோமியமும் தாறுமாறாகக் கலந்து நிற்பதால் எலக்ட்ரான்கள் முட்டி மோதிப் போகின்றன, கம்பி சூடாகிறது. சுற்றியுள்ள மெக்னீசியம் ஆக்சைடு வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. அதில் எலக்ட்ரான்கள் எல்லாம் அயனிக்குள் பூட்டிக் கிடக்கின்றன, ஆனால் விறைப்பான பிணைப்புகளின் வழியே அதிர்வு எளிதாகப் போய்விடும். குளிக்கும்போது நம்மை மின்சாரம் தாக்காமல் தண்ணீர் மட்டும் சுடுகிறது என்றால், குழாய் வெடிக்காத வரை, இந்த வித்தியாசம்தான் காரணம்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். தங்கம் எதனோடும் எளிதில் சேராது, பாறைக்குள்ளும் தங்கமாகவே கிடக்கிறது. அப்படிப்பட்ட தங்கத்தைப் பாறைப் பொடியிலிருந்து எப்படிப் பிரித்தார்கள்? சயனைடுக் கரைசலில். ஒரு தங்க அயனியை இரண்டு சயனைடுகள் இருபுறமும் நேர்கோட்டில் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிணைப்பில் கிடைக்கும் இலாபம் இருப்பதால், காற்றிலுள்ள ஆக்சிஜனே தங்கத்திடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துவிடுகிறது. தனியாக விட்டால் அந்த ஆக்சிஜனால் தங்கத்தை ஒன்றும் செய்ய முடியாது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அரைத்துக் கழித்த பொடி மலைமலையாக இன்னும் நிற்கிறது. சின்ன வயதில் அந்தச் சயனைடு மேடுகளில் ஏறி விளையாடினால் வீட்டில் அடி விழும்.

மீதி எல்லாம் சில்லறைப் பிணைப்புகள். சில்லறை என்றாலும் அது இல்லாமல் காரியம் ஓடாது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்திருக்கின்றன, சுமார் 20 கிலோஜூல் வலு. உள்ளே உள்ள சகப்பிணைப்பு 463. தண்ணீர் கொதிக்கும்போது உடைவது சில்லறை மட்டும்தான், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிவதில்லை. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அது 97 டிகிரியிலேயே நடந்துவிடுகிறது. சில்லறையும் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு உதாரணம். நீரைவிடக் கனமான மூலக்கூறு, ஆனால் சுழிக்குக் கீழே 60 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைவிட மெல்லியது வாண்டர் வால்ஸ் விசை. சுவரில் தலைகீழாக ஓடும் பல்லியின் காலில் பசை இல்லை, கண்ணுக்குத் தெரியாத மயிர்நுனிகள் லட்சக்கணக்கில் சுவரை மிக நெருங்கித் தொடுகின்றன. ஒவ்வொன்றும் இழுப்பது அற்பம், கூட்டினால் பல்லி நிற்கிறது. ரப்பர் வாஷரைப் பற்றி ஒரு வரி: நீண்ட கார்பன் சங்கிலிகளை ஆங்காங்கே கந்தகம் குறுக்கே பிணைத்திருப்பதால்தான் அது இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவத்துக்கு வருகிறது.

எலக்ட்ரீஷியன் புதுக் காயிலை மாட்டிக் கிளம்பிய பிறகும் அவள் போகவில்லை. செப்புக் குழாயைக் கத்தியால் சுரண்டி, உள்ளே சிவப்பு மினுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் சரி தாத்தா, தேர்வில் சோடியம் ஏன் எலக்ட்ரானைக் கொடுக்கிறது என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டால்?"

"எட்டு என்று எழுதிவிடு. ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால் 147-ஐயும் 787-ஐயும் எழுது."

காயில் துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். படியெல்லாம் வெள்ளைப் பொடி.